வயலோரத்துக் காட்டு விலங்குகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் யானையையும் சிறுத்தையையும் பற்றியவை. முன்பே பலமுறை வேண்டியதை மீண்டும் வேண்டுகிறேன்: எந்த விலங்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வந்தது, எதைத் தின்றது என்ற நான்கு விவரங்களையும் எழுதாமல் தீர்வு கேட்காதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தைச் சுற்றிச் சூரிய மின்வேலி அமைத்தோம். இப்போது யானை அதைத் தாண்டி வருகிறது. கம்பியில் மின்சாரத்தைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டியது பராமரிப்பை. வேலியில் இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அளந்து பார்க்கவே இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. நல்ல நிலையில் உள்ள வேலியில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம், நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை, கண நேரத் துடிப்பாக ஓடும். அது வலிக்கும், கொல்லாது. கம்பியைத் தொடும் ஒரு கொடி போதும், அந்த அழுத்தம் தரைக்குள் இறங்கிவிட. பேட்டரி வலுவிழந்தாலும், எர்த் கம்பி காய்ந்த மண்ணில் நின்றாலும் விளைவு அதுவே. மின்சாரத்தை எளிதில் கடத்தாத தந்தத்தால் கம்பியை அறுக்கவும், மரத்தைச் சாய்த்து வேலியை அமுக்கவும் யானைகள் கற்றுக்கொள்கின்றன. ஒரு நாள் வலிக்காத வேலியை அவை மறுநாள் மதிப்பதில்லை. களையை யார் வெட்டுவது, தினமும் மாலையில் வோல்ட் அளவை யார் குறித்துவைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டு மின் இணைப்பிலிருந்து கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்காதீர்கள். அது யானையையும் கொல்லும். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் பிள்ளையையும் கொல்லும்.

கேள்வி: மயில்களும் கிளிகளும் விதைகளைத் தின்கின்றன. மிளகாய்க் கரைசல் எத்தனை விழுக்காடு தெளிக்கலாம்?

தெளிக்க வேண்டாம். பாலூட்டிகளுக்கு எரிச்சல் தரும் மிளகாயின் காரத்தைப் பறவைகளின் உடல் உணர்வதில்லை. விதையை மண்ணுக்குள் சற்று ஆழமாக ஊன்றுங்கள்; முளைவிடும் நாட்களில் மட்டும் வலை விரியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் சிறுத்தை நடமாடுகிறது. இதுவரை யாரையும் தாக்கவில்லை. கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் உள்ள காட்டில் விடுமாறு மனு எழுதியிருக்கிறோம். நீங்களும் ஆதரித்து எழுத வேண்டும்.

ஆதரித்து எழுத என்னால் இயலாது. யாரையும் தாக்காத சிறுத்தையை இடம் மாற்றுவதுதான் தாக்கும் சிறுத்தையை உருவாக்கும் வழிகளில் ஒன்று என்பதை எத்தனை முறை எழுதினாலும் இதே மனு மீண்டும் மீண்டும் வருகிறது.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை முப்பதுக்குச் சற்றுக் குறைவான சிறுத்தைகளைப் பிடித்து, சராசரியாக நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த காடுகளில் விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மனிதர் மீதான தாக்குதல்கள் ஆண்டுக்கு நான்கு என்ற அளவில் இருந்தன. இடமாற்றம் தொடங்கிய பின் அவை பதினேழாக உயர்ந்தன. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. காரணம் புரியாத ஒன்றன்று. தன் எல்லையில் எந்த நாய் எங்கே படுக்கும், மனிதர் எப்போது எந்த வழியில் நடப்பார் என்றெல்லாம் அறிந்து ஒதுங்கி வாழ்ந்த விலங்கைக் கூண்டுக்குள் அடைத்து, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே காயப்படுத்தி, ஒன்றும் அறியாத இடத்தில் திறந்துவிட்டால், அது வீடு தேடி நடக்கும். நடக்கும் வழியெல்லாம் புதிய ஊர்கள். இங்கே வெற்றிடமான எல்லைக்குள் அனுபவமில்லாத இளம் சிறுத்தை ஒன்று நுழையும். நீங்கள் ஒரு சிக்கலை இரண்டாக்கியிருப்பீர்கள், அவற்றில் ஒன்றை உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத வேறோர் ஊருக்கு அனுப்பியிருப்பீர்கள். கூண்டுக் கம்பியைக் கடித்துப் பற்கள் உடைந்த சிறுத்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பல் உடைந்த விலங்கு இனி எதை வேட்டையாடும் என்று மனுவில் கையெழுத்திட்டவர்கள் யாரும் கேட்டதில்லை.

யானைக்கும் இதே கதைதான். இலங்கையில் பன்னிரண்டு ஆண் யானைகளைத் தேசியப் பூங்காக்களுக்கு இடம் மாற்றி, கழுத்துப்பட்டைக் கருவி மூலம் பின்தொடர்ந்தார்கள். பூங்காவுக்குள்ளேயே இரண்டு கொல்லப்பட்டன. மற்றவை அனைத்தும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பின, சில நெடுந்தொலைவு அலைந்தன. மோதல் பரவியதே தவிரக் குறையவில்லை என்பது 2012இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

மனிதரை இரையாகக் கொள்ளத் தொடங்கியது எனச் சந்தேகமின்றி அடையாளம் காணப்பட்ட ஒரு விலங்கை அகற்றுவதை நான் எதிர்க்கவில்லை. அது வேறு பேச்சு. உங்கள் ஊரில் அந்த நிலை இல்லை. மனுவைத் திரும்பப் பெற்று, இறைச்சிக் கழிவும் குப்பையும் எங்கே குவிகின்றன, அங்கே எத்தனை நாய்கள் திரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சிறுத்தையை ஊர் விளிம்பில் நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் அவைதாம். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாதீர்கள், தப்பும் வழியை மறிக்காதீர்கள்.

கேள்வி: தேனீப் பெட்டி வைத்தால் யானை வராது என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை, நிபந்தனைகளோடு. கென்யாவில் லூசி கிங் வளர்த்தெடுத்த முறையில், பெட்டிகளைப் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக் கம்பியால் இணைக்கிறார்கள். யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடித் தேனீக்கள் வெளியேறும். சாவோ பகுதியில் பயிர் விளையும் பருவங்களில் நெருங்கிய யானைகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் திரும்பிப் போயின. ஆனால் 2017ஆம் ஆண்டின் வறட்சியில் தேனீக்களே பெட்டிகளைக் கைவிட்டன. வெறும் பெட்டிக்கு யானை அஞ்சாது. ஆசியத் தேனீக்கள் ஆப்பிரிக்கத் தேனீக்களைவிடச் சாதுவானவை என்பதால் அதே பலனை இங்கும் எதிர்பார்க்க முடியாது. பூவும் தண்ணீரும் ஆண்டு முழுதும் கிடைக்குமா என்று பார்த்த பிறகு பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: மாட்டின் பின்புறத்தில் கண் வரைந்தால் புலியோ சிறுத்தையோ தாக்காது என்று படித்தேன்.

நீங்கள் படித்தது சிங்கத்தைப் பற்றியதாக இருக்கும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனையில், கண் வரையப்பட்ட ஏறக்குறைய எழுநூறு மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கம் கொல்லவில்லை. எதுவும் வரையப்படாத எண்ணூற்றுச் சொச்சம் மாடுகளில் பதினைந்து இறந்தன. பதுங்கித் தாக்கும் விலங்கு தன்னைக் கண்டுவிட்டார்கள் என எண்ணித் தயங்குகிறது. பகலில் மேயும் மாட்டுக்கு முயன்று பார்க்கலாம். இரவில் பட்டிக்குக் கூரையும், உள்ளே நுழைய இடமற்ற வலையும், தாழிட்ட கதவும்தான் காவல். படம் வரைந்துவிட்டுக் கதவைத் திறந்து போடாதீர்கள்.

கேள்வி: ஆட்டைக் கொன்ற விலங்கு மீதியைத் தின்ன வரும் அல்லவா? அந்த உடலில் பூச்சிமருந்து வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். எந்த விலங்கு கொன்றது என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. நஞ்சு ஆள் பார்த்துக் கொல்வதில்லை: நரி, நாய், காகம், கழுகு எனத் தொட்ட எல்லாம் சாகும். 2019இல் போட்ஸ்வானாவில் நஞ்சு கலந்த மூன்று யானை உடல்களைத் தின்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் இறந்தன. உடலை அசைக்காமல் படம் எடுத்து, கால்தடத்தின் அருகே அளவுகோல் வைத்து இன்னொரு படம் எடுத்து, அன்றே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இழப்பீட்டுக்கும் அந்தச் சான்று உதவும்.

கேள்வி: குரங்குகளுக்கு ஊருக்கு வெளியே உணவு வைத்தால் ஊருக்குள் வராமல் இருக்குமா?

இன்னும் அதிகமாக வரும். உணவிடாதீர்கள், குப்பையை மூடி வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத் தொழிலாளர்கள் விடியும் முன்பே நடந்து போகிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்று தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

இம்முறை வந்தவற்றில் மிகச் சரியான கேள்வி இது. வால்பாறையில் யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அருகில் யானை நிற்பதை அறியாமல் போனவர்கள் என்பதை ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினரும் ஆராய்ந்து கண்டார்கள். அதனால் அவர்கள் யானைகளை விரட்டுவதை விட்டுவிட்டு, அன்றன்று அவை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர்த் தொலைக்காட்சியின் கீழ்வரியிலும் சொல்லத் தொடங்கினார்கள். உயரமான இடங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளையும் பொருத்தினார்கள். உயிரிழப்புகள் குறைந்தன. உங்களுக்கு விளக்குகூட உடனே தேவையில்லை. மாலையில் யானையைப் பார்ப்பவர் யாருக்குச் சொல்ல வேண்டும், அவர் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். கைப்பேசி இல்லாதவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். யானை நிற்கும் வழியில் அன்று வேலை தாமதமாகத் தொடங்கும் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள். கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த எச்சரிக்கையும் யாரையும் நிறுத்தாது. யானை நிற்கும் இடத்தை அனுப்பும்போது, பார்ப்பதற்காக யாரும் அங்கே வர வேண்டாம் என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள்.