'சம் லைக் இட் ஹாட்' படத்தில் உடைக்கு மட்டும் ஆஸ்கர் கொடுத்தது ஏன்? அது ஆறுதல் பரிசுதானே?

1959இல் வந்த இந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படத்துக்குப் பில்லி வைல்டர் மாதிரி இயக்குநர், மர்லின் மன்றோ, டோனி கர்ட்டிஸ், ஜாக் லெம்மன் என்று இப்படி ஒரு கூட்டணி, 6 பரிந்துரைகள், கடைசியில் "துணி தைத்தவருக்கு" மட்டும் விருதா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை ரசித்துப் பார்த்தவர் நீங்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்தத் "துணி தைத்தவர்" என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. மேடை நாடகங்களுக்கு உடை தைப்பதுதான் என் தொழில். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் விருதுக் கணக்கு. 1960 ஏப்ரலில் நடந்த அந்த விழாவில் 'பென்-ஹர்' 11 விருதுகளை அள்ளியது. இயக்குநர் விருது வில்லியம் வைலருக்கும் நடிகர் விருது சார்ல்டன் ஹெஸ்டனுக்கும் போய்விட்டன. கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவு, கலை இயக்கம் இரண்டையும் 'தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' படம் எடுத்துக்கொண்டது. உடைக்கு அந்நாளில் கலருக்குத் தனி, கறுப்பு-வெள்ளைக்குத் தனி விருது. "பென்-ஹர் கலர் பிரிவுக்குப் போனதால் இவருக்குக் கிடைத்தது" என்று யாராவது கீழே எழுத வருவார்கள். அவர்களுக்கு ஒன்று: இந்தப் பிரிவில் எதிரில் நின்றவர்களில் பெயர்பெற்ற ஹாலிவுட் உடை வடிவமைப்பாளர்களான எடித் ஹெட்டும் ஹெலன் ரோஸும் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

வாங்கியவர் ஓரி-கெல்லி. 1897இல் ஆஸ்திரேலியாவின் கையாமாவில் ஒரு தையற்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் நடிகை பெட்டி டேவிஸுக்கு வருடக்கணக்கில் உடை தைத்தார். 'காஸாபிளாங்கா'வில் இங்க்ரிட் பெர்க்மன் போட்டிருப்பதெல்லாம் இவர் கைவேலைதான். இது அவருடைய மூன்றாவது ஆஸ்கர். நியூயார்க்கில் கஷ்டப்பட்ட காலத்தில் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் பிற்பாடு ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்ட் ஆனவர். இந்தப் படத்தில் கர்ட்டிஸ் போலிக் கோடீஸ்வரனாக வரும்போது பேசுவது அதே கேரி கிராண்டின் குரலில்!

கதை உங்களுக்குத் தெரியும். 1929, சிகாகோ. ஒரு கும்பல் கொலையை நேரில் பார்த்துவிட்ட இரண்டு இசைக்காரர்கள் (கர்ட்டிஸும் லெம்மனும்) உயிர் பிழைக்கப் பெண் வேடம் போட்டு, பெண்கள் இசைக்குழுவோடு ஃபிளோரிடாவுக்கு ரயிலேறுகிறார்கள். அந்த வேடத்தை மற்றவர்கள் நம்பினால்தான் அடுத்த காட்சியே இருக்கிறது. உடை கோமாளித்தனமாக இருந்தால், லெம்மனைப் பெண் என்று நம்பிக் காதலிக்கும் கோடீஸ்வரர் ஆஸ்குட் முட்டாள், மன்றோ நடித்த பாடகி ஷுகர் முட்டாள், குழுவில் அத்தனை பேரும் முட்டாள். முட்டாள்கள் ஏமாறுவதைப் பார்த்து இரண்டு மணி நேரம் யார் சிரிப்பார்கள்?

கர்ட்டிஸ் பிற்காலத்தில் சொன்னதன்படி, ஆரம்பத்தில் அவருக்கும் லெம்மனுக்கும் ஸ்டுடியோவில் தொங்கிய பழைய உடைகளைத்தான் கொடுத்தார்கள். எதுவும் உடம்பில் உட்காரவில்லை. மன்றோவுக்குத் தைக்கிறவரே எங்களுக்கும் தைக்கட்டும் என்று வைல்டரிடம் கேட்டார், அவரும் சரி என்றார். அடுத்த முறை பார்க்கும்போது கழுத்தைக் கவனியுங்கள். ஏற்றித் தைத்த காலர், இல்லாவிட்டால் ஃபர். துருத்தி நிற்கும் குரல்வளை உள்ளே போய்விடுகிறது. 1920களின் வெட்டு வேறு கைகொடுத்தது. இடுப்புக் கோடு கீழே இறங்கி, மேலிருந்து நேராக விழும் உடை. இடுப்பே இல்லாத ஆம்பளை உடம்புக்கு இதைவிட வாகான வெட்டு கிடையாது. கதையைப் பழைய காலத்தில் வைத்தால் எல்லார் உடையும் விசித்திரமாகத் தெரியும், இவர்கள் இருவர் மட்டும் தனித்துத் தெரியமாட்டார்கள் என்று வைல்டரும் கணக்குப் போட்டிருந்தார்.

இதற்கு மேல் கலரும் இல்லை. மன்றோ கலரில்தான் எடுக்க வேண்டும் என்றார். சோதனையில் இரண்டு ஆண்களின் மேக்கப்பும் பச்சையாக அடித்ததால் கறுப்பு-வெள்ளை என்று முடிவானது. ஆக ஓரி-கெல்லி கையில் மிச்சம் இருந்தவை வெட்டு, மணி, குஞ்சம், ஃபர் மட்டும்தான். மன்றோ மேடையில் பாடும்போது போட்டிருக்கும் அந்த மெல்லிய மணி உடையைப் பாருங்கள். துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒளிப்பதிவாளர் சார்ல்ஸ் லாங் விளக்கு வட்டத்தைச் சரியாக மார்புக்கு மேலே நிறுத்தியிருப்பார். தைத்தவரும் விளக்கு வைத்தவரும் உட்கார்ந்து பேசாமல் அப்படி ஒரு காட்சி வரவே வராது. மன்றோவின் உடைகள் 1929 மாதிரி இல்லை, 1950கள் மாதிரி இருக்கின்றன என்பார்கள். அது உண்மை, நானும் மறுக்கமாட்டேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இதே சண்டையை நான் போட்டிருக்கிறேன். சென்னையில் ஒரு நாடகக் குழு. இரண்டு ஆண்கள் மாமி வேடத்தில் ஒரு வீட்டுக்குள் நுழையும் கதை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "புதுசா எதுவும் தைக்க வேணாம்மா. வீட்டுல இருக்கற புடவையைச் சுத்தி விட்டுடுங்க, பார்த்த உடனே சிரிப்பாங்க" என்றார்.

"முதல் நிமிஷம் சிரிப்பாங்க சார். மீதி நேரத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை நான்.

இரண்டு பேருக்கும் அளவெடுத்தேன். தோள் அகலத்தை அடக்க ஜாக்கெட்டின் தோள்பட்டைத் தையலை உள்ளே தள்ளினேன். கழுத்தை ஏற்றினேன், கையை முழங்கைக்குக் கீழே இறக்கினேன். உள்பாவாடையிலேயே இடுப்புக்குப் பஞ்சு வைத்துத் தைத்து, கீழ்ச்சுற்றைக் குறுக்கினேன். அதைக் கட்டிக்கொண்டு ஒத்திகையில் நடந்தபோது இருவருக்கும் காலை அகட்டி வைக்க முடியவில்லை. யாரும் சொல்லித் தராமலே சின்னச் சின்ன அடியாக நடக்க ஆரம்பித்தார்கள். நாடகத்தன்று திரை விலகியதும் கொஞ்சம் சிரிப்பு, பிறகு அமைதி. அந்த அமைதிதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கப்புறம் ஜனங்கள் வசனத்துக்குச் சிரித்தார்கள்.

கடைசியில் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். மைக் செட், விளக்கு, காபி கொடுத்தவர் வரைக்கும். உடை யார் என்று சொல்லவில்லை. அழைப்பிதழிலும் பெயர் இல்லை. சம்பளத்துக்குத்தானே தைத்தாய் என்று கேட்பவர்கள், நடித்தவர்களும் சம்பளத்துக்குத்தான் நடித்தார்கள் என்பதையும் யோசியுங்கள்.

இந்த வியாதி எல்லா ஊரிலும் உண்டு. இதே படத்தில் கர்ட்டிஸின் பெண் குரலில் சில இடங்களைப் பேசியவர் பால் ஃப்ரீஸ். இருவருக்கும் பெண்ணாக நடக்கச் சொல்லித்தர வந்தவர், பாரிஸில் பெண் வேடத்தில் ட்ரபீஸ் (சர்க்கஸில் அந்தரத்தில் தொங்கும் ஊஞ்சல்) ஆடிப் புகழ்பெற்ற டெக்சாஸ்காரர் பார்பெட். டைட்டிலில் தேடிப் பாருங்கள், இரண்டு பெயரும் இருக்காது. இப்போது ஓடிடியில் கேட்கவே வேண்டாம். படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, அடுத்த படத்தைத் திணிக்கிறார்கள். ராத்திரி பகலாக வேலை பார்த்தவன் தன் பெயரைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் வருத்தத்தில் ஒன்றோடு நான் முழுசாக ஒத்துப்போகிறேன்: லெம்மன். விடிய விடிய ஆஸ்குட்டோடு டாங்கோ ஆடிவிட்டு வந்து, எனக்கு நிச்சயமாகிவிட்டது என்று மராக்காஸைக் (கிலுகிலுப்பை மாதிரி ஒரு தாளக்கருவி) குலுக்கிக்கொண்டே கர்ட்டிஸிடம் சொல்வாரே, அந்தக் காட்சி. தியேட்டர் சிரித்து முடிக்க இடைவெளி வேண்டும் என்பதற்காகவே வைல்டர் அந்த மராக்காஸைக் கையில் கொடுத்தார். லெம்மன் அதைக் குலுக்கும் சந்தோஷத்தில், தான் ஆண் என்பதையே அந்த ஆள் மறந்துவிட்டான் என்று நமக்குத் தெரிகிறது. நடிகர் விருதை அந்த வருடம் அவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.