லென்ஸுக்குள் நூலாம்படை: புதுசு வாங்கலாமா?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலேசியாவில் நீண்ட காலம் தங்க அனுமதிக்கும் ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ விசாவில் நானும் மனைவியும் பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. வயது 66. பறவைப் படம் எடுப்பதில்தான் பொழுது போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பேரனைப் பார்க்கக் கோவை போய்விடுவோம். இந்த முறை திரும்பி வந்து பார்த்தால், தூரப் பறவைக்கான என் 200-500 மி.மீ. லென்ஸுக்குள் நூலாம்படை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. பெங்களூருவில் ஆறு வருடம் பீரோவில் கிடந்தும் ஒன்றும் ஆகாத லென்ஸ் இது! காலையில் கிளம்பியதும் முதல் அரை மணி நேரப் படங்கள் பால் கரைத்தது போல வருகின்றன. 11 மணிக்கு மேல் எடுப்பவற்றில் கூர்மை இல்லை. இதைத் தள்ளிவிட்டுப் புது லென்ஸ் வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த ஜூனில் அதற்குள்ளும் இதே நூலாம்படை இருக்கும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். மூன்றிலும் லென்ஸ் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கம் சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தால் தூசி, கவலை வேண்டாம். கிளை பிரிந்து வேர் ஓடியது போலத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விடுகிறது. அது வேறு நோய். பூஞ்சை என்றால் உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். இழையைத் துடைத்து எடுத்துவிடலாம், அரித்த தடம் போகாது. வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி ஓடுவதுதான் மிச்சம்.

பெங்களூருவில் பிழைத்தது இங்கே ஏன் பிழைக்கவில்லை? காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை முளைக்கும். பினாங்கில் வருடம் முழுக்க அந்த ஈரம் உண்டு. நீங்கள் இருக்கும் மாதங்களில் ஏசி ஓடுகிறது, லென்ஸும் நாலு நாளைக்கு ஒருமுறை வெளிச்சம் பார்க்கிறது. கோவைக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, லென்ஸை நுரைப்பஞ்சு வைத்த பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் அல்லவா? இருட்டு, சூடு, அசையாத ஈரக்காற்று. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்காது. பைப்பஞ்சு வேறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பை சுமப்பதற்கு மட்டும்தான், வைப்பதற்கு அல்ல.

கேமரா கடைகளில் ‘டிரை கேபினட்’ என்று மின்சாரப் பெட்டி கிடைக்கும். 45 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். சில வாட் மின்சாரம்தான் இழுக்கும். ஊருக்குப் போகும்போது மெயினை அணைக்காமல், அந்தப் பெட்டி இருக்கும் அறையின் பிரேக்கரை மட்டும் போட்டே விட்டுவிட்டுப் போங்கள். மின்சாரத்தை விட்டுப் போக மனமில்லை என்றால், ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே அரை கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. சிலிக்காவில் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் ஏறினால் பச்சையாகும். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு இருக்கிறது. பச்சையானதை மின்சார ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இதைச் செய்து, ஆறியதும் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஈரமானி 30-க்குக் கீழே இறங்கினால் ஒரு பிடி எடுத்துவிடுங்கள். ரப்பரும் கிரீஸும் அளவுக்கு மீறிக் காய்வதும் நல்லதல்ல.

மலிவான ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்கு வரும் அளவு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் ஜிப் பையில் சேர்த்து மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது, கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

காலைப் ‘பால்’ விஷயம் எளிது. படுக்கையறை ஏசி 22 டிகிரி. வெளியே காற்றில் இருக்கும் ஈரம் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் வேர்த்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பது போலத்தான். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், ஜிப் பையில் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து முக்கால் மணி நேரம் விடுங்கள். வேர்வை பையின் மேல் நிற்கும், கண்ணாடிக்கு வராது. அதற்குள் அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் வேர்க்கும். காரில் போகும்போது ஏசிக் காற்று லென்ஸில் நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11 மணிக்கு மேல் கூர்மை போவது கானல். சேற்றுத்திட்டும் வயலும் சூடேறியதும் தரைமேல் காற்று நெளியும். உங்களுக்கும் பறவைக்கும் நடுவே 60 மீட்டர் நெளியும் காற்று இருந்தால் லட்ச ரூபாய் லென்ஸும் தோற்கும். பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் தெலுக் ஆயர் தாவார் கரையில் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) எடுக்கிறீர்கள் என்றால், செப்டம்பர் முதல் மார்ச் வரை, காலையில் கடல் ஏறும் நாளாக அட்டவணை பார்த்துப் போங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமே உங்கள் பக்கம் தள்ளி வரும். அந்தக் கரை மேற்கு நோக்கியது, காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். சூரியன் 7 மணிக்கு மேல்தான் உதிக்கிறது, ஆக 11 மணிக்குள் உங்களுக்குக் கிடைப்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவு.

மரத்தடி இருட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 வரை தயங்காமல் போங்கள். மழைமேகத்தின் வெள்ளை வானத்துக்கு எதிரே கிளையில் இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1.3 ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பறவை கரிக்கட்டை. பறக்கும் பஞ்சுருட்டானுக்கு 1/2500. இருவாச்சி இறக்கையை மெதுவாகத்தான் அடிக்கும், 1/1250 போதும். அதற்குப் பங்கோர் தீவு நல்ல இடம். தெலுக் நிப்பா பக்கம் சாயங்காலத்தில் தாமே வந்து உட்காரும். முழங்காலுக்கு வேலையில்லை. உங்கள் லென்ஸ் 2.3 கிலோ. கையில் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள், மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வாங்குங்கள். புது லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் டிரை கேபினட்டும் இதுவும் போக நிறைய மிஞ்சும்.

குளிர்ந்த மலைவாசத்தலமான ஃபிரேசர் மலைக்குப் போனால் கணக்கு தலைகீழ். இரவில் 18 டிகிரி வரை குளிர்ந்த லென்ஸ், கீழே சமவெளிக்கு இறங்கியதும் வேர்க்கும். இறங்குவதற்கு முன்பே ஜிப் பையில் போட்டுவிடுங்கள். அங்கே அட்டைக்கும் கொசுவுக்கும் தடவிக்கொள்ளும் மருந்தில் ‘டீட்’ (DEET) என்ற ரசாயனம் இருந்தால், தடவிய கையோடு கேமராவைத் தொடக்கூடாது. பிடியின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்து இளகிவிடும். அதற்குப் பதில் ‘பிகாரிடின்’ உள்ள மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.