பூஸ்ட் ஏறும்போது வெட்டி இழுக்கும் கார்

கேள்வி: என்னுடையது 2.0 லிட்டர் டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார். ஸ்டேஜ் 1 டியூன் (இன்ஜின் மென்பொருளை மட்டும் மாற்றி சக்தியைக் கூட்டுவது) செய்திருக்கிறேன். கோலாலம்பூருக்குள் ஒரு குறையுமில்லை. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் வெட்டி வெட்டி இழுக்கிறது, இன்ஜின் விளக்கும் மினுக்குகிறது. ஸ்கேனரில் பி0303 வந்தது. பட்டறையில் நான்கு காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். நண்பரோ, ரோன் 95 பெட்ரோல் ஊற்றியதுதான் காரணம் என்கிறார். எதை நம்புவது?
- வாசகர், பத்துமலை

பதில்: விளக்கு மினுக்கினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அதன் உள்கூடு உருகிப்போனால் காயில் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

பி0303 என்பது, மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று சொல்லும் எரர் கோடு. பெட்ரோல் நான்கு சிலிண்டருக்கும் ஒன்றுதானே? 97 கேட்கும் காருக்கு 95 ஊற்றினால் இன்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இழுவை குறையும், ஒரே சிலிண்டர் மட்டும் வெட்டாது.

காயிலைக் காசில்லாமலே சோதிக்கலாம். இன்ஜின் ஆறியதும் மூன்றாவது காயிலையும் முதலாவதையும் இடம் மாற்றுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில்தான் பழுது; ஒன்று வாங்கினால் போதும். மீண்டும் பி0303 வந்தால் பிளக்குகளை அதேபோல் மாற்றிப் பாருங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் பழுது எதில் என்று பிடிபடாது.

எங்கள் சந்தேகம் பிளக் மேல்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, ஸ்பார்க் தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேயத் தேய இடைவெளி அகலும். டியூனோ பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டிவிட்டது. இரண்டும் சேர்ந்ததால், நகருக்குள் தாக்குப்பிடிக்கும் ஸ்பார்க் ஏற்றத்தில் அணைகிறது. புது பிளக் போடும்போது டியூன் செய்தவரிடம் இடைவெளி கேளுங்கள். இத்தகைய கார்களுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ. வரை வைப்பார்கள். வளைப்பது வெளிக்கம்பியை மட்டும். நடுவிலுள்ள இரிடியம் முனையில் நெம்பினால் உடைந்துவிடும். பிளக்கை அளவோடு இறுக்க டார்க் ரெஞ்ச் கட்டாயம். இறுக்கும் அளவைக் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால், ஸ்பார்க் வெளியே ஓடியிருக்கிறது. அப்போது காயிலின் ரப்பர் உறையையும் (பூட்) சேர்த்து மாற்றுங்கள். பழைய உறையிலுள்ள தடம் புது பிளக்கையும் கெடுக்கும். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாவதே வெட்டினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள். மற்ற மூன்றைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும்: அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வ். கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.