ஐந்து பாட்டில், வேலை செய்வது ஒன்று

வாங்குவோர் கேள்வி-பதில்: இளவயது முடி உதிர்வு

வயது 22. இணையத்தில் ஒரு நிறுவனம் சில கேள்விகள் கேட்டு, உச்சந்தலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 'உங்களுக்கென்றே தயாரித்தது' என்று ஆறு மாதத்துக்கான பெட்டி ஒன்றை விற்றது. ஷாம்பு, எண்ணெய், சீரம், சத்து மாத்திரை, தலையில் தடவும் மருந்து, மொத்தம் ஐந்து. ஒரு மாதம் ஆகிறது, முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பாதி ஏமாந்திருக்கிறீர்கள். அந்தத் தடவும் மருந்தின் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'மினாக்சிடில் 5%' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஓய்வில் இருக்கும் பழைய முடிகளைத் தள்ளிவிட்டுத்தான் புதியவை கிளம்பும், அதனால் முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கொட்டும். இதை விற்றவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் எத்தனையோ பேர் பலன் வரும் முன்பே பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலும் தடவிய தலையும் அதன் வாய்க்கு எட்டாமல் இருக்கட்டும், பூனைக்கு அது விஷம்.

இனி மற்ற நான்கு. இளைஞர்களுக்கு வரும் வழுக்கையில் பெரும்பகுதி பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன் முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாக நிற்கும். இதைத் தாமதப்படுத்துவதில் நீண்ட காலமாக நிலைத்து நிற்கும் மருந்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று மினாக்சிடில். ரத்த அழுத்த மருந்தாக இருந்து, 1988-இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை, அனுமதி 1997-இல். ஷாம்பு இரண்டு நிமிடம் தலையில் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போகிறது. பொடுகுக்கென்று உள்ள ஷாம்பு பொடுகைக் குறைக்கும், அது வேறு விஷயம். காஃபின் ஷாம்பு ஒன்று முடி உதிர்வைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததை, சான்று போதாது என்று 2018-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், சுருங்கும் வேர்க்காலை அது காப்பாற்றாது.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆகவே ஆகாதது இதுதான். மருந்துக் கடையில் தனியாகக் கிடைக்கிற ஒரு மருந்தை நடுவில் வைக்கிறார்கள், சுற்றி நான்கு பாட்டில்களை அடுக்குகிறார்கள், முடி நின்றால் பெருமை முழுப் பெட்டிக்கும் போகிறது. என்ன நோய் என்று சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால், எந்தக் கேள்விக்கு எதை டிக் செய்தாலும் 'உங்களுக்கு எதுவும் வேண்டாம்' என்ற பதில் வராது. அடுத்த பெட்டிக்கான தானியங்கிக் கட்டணம் இருக்கிறதா என்று இன்றே பார்த்து ரத்து செய்யுங்கள். ஒரு தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, வேண்டிய மருந்தை மட்டும் தனியாக வாங்குங்கள்.

ஹெல்மெட் போடுவதால் முடி கொட்டுகிறதா? போடாமல் இருக்கலாமா?

கொட்டாது. போடுங்கள்.

பயோட்டின் மிட்டாய் தினமும் சாப்பிடுகிறேன். நல்ல பிராண்ட் எது?

உடலில் பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு எந்த பிராண்டும் முடி வளர்க்காது, குறைபாடு அரிது. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு சோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் ரத்தச் சோதனையும் தவறான முடிவைக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ரத்தச் சோதனைக்குப் போனால் இதைச் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.

நண்பன் ஃபினாஸ்டிரைடு சாப்பிடுகிறான், நன்றாக வேலை செய்கிறது. அவனிடமே பாதி அட்டை வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையும், சிலருக்கு மனச்சோர்வு வரும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் என்று நண்பனுக்குத் தெரியாது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்பதாவது அவன் சொன்னானா?

வயது 20. முன்நெற்றி ஏறுகிறது. முடி நடும் சிகிச்சைக்கு இந்த வாரம் வரை தள்ளுபடியாம். முன்பணம் கட்டிவிட்டேன். எந்த டாக்டர் என்று இன்னும் சொல்லவில்லை. நல்லதா?

யார் கத்தி வைக்கிறார் என்று தெரியாமல் பணம் கட்டியிருக்கிறீர்கள்! இந்த வாரம் மூன்று கடிதம் இதே மாதிரி. நடுவதற்கு முடி பின்னந்தலையிலிருந்துதான் எடுக்க வேண்டும், அங்கே இருப்பு அளவானது. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. 20 வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது முன்வரிசையை நட்டுவிட்டு, பின்னால் உள்ள சொந்த முடி போய்விட்டால் முன்னே ஒரு வரப்பு மட்டும் தனியாக நிற்கும், சரிசெய்ய இருப்பும் இருக்காது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். முதலில் மருந்தால் உதிர்வை நிறுத்தப் பாருங்கள்.

சிவப்பு ஒளிச் சீப்பு வேலை செய்யுமா?

ஒளிக் கருவிகளில் சிலவற்றுக்கு ஓரளவு ஆய்வு உண்டு, சந்தையில் கிடைப்பவற்றில் பலவற்றுக்கு இல்லை. நான் வாங்கியது இப்போது அலமாரியில் இருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் ஆகும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள், திருப்பித் தர ஒரு மாதம்தான். பலன் தெரியும் முன்பே கெடு முடிந்துவிடும்படி வைத்திருந்தார்கள். எந்த முடிச் சாமானாக இருந்தாலும் இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடுமையான காய்ச்சல் வந்து மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. 'உடனே தொடங்காவிட்டால் வழுக்கைதான்' என்று ஒரு கிளினிக்கில் பயமுறுத்தி, பிஆர்பி ஊசிக்கு (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பகுதியை உச்சந்தலையில் போடும் ஊசி) மொத்தப் பணத்தையும் முன்கூட்டி வாங்கினார்கள். இரண்டு ஊசியோடு கிளினிக் மூடிவிட்டது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். கையில் முடியைப் பார்த்துப் பயந்துபோன ஆளிடம் மொத்தப் பணத்தை வாங்கியது அப்பட்டமான கொள்ளை. காய்ச்சலோ, அறுவை சிகிச்சையோ, திடீர் எடைக் குறைவோ வந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று வளரத் தொடங்கும். உங்களுக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது. ரசீது, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், ஊசி போட்ட தேதிகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் இன்றே எழுதி, கிடைக்காத சேவைக்கான தொகையைத் திரும்பக் கேளுங்கள், கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நுகர்வோர் புகாரும் கொடுங்கள். அப்புறம் வீட்டிலும் சொல்லுங்கள்.

வழுக்கை வராமல் தடுக்க இப்போதே என்ன வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உண்டு. மாதம் ஒருமுறை அதே விளக்கடியில், உலர்ந்த தலையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். மெலிவது தெரிந்தால் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள், இருக்கும் முடியைக் காப்பது போனதை மீட்பதைவிட எளிது. காசு வடிவில் திட்டாக விழுந்தால் அது வேறு நோய், அன்றே போங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது ஸ்டீராய்டு ஊசி தந்தால் வாங்காதீர்கள், பரம்பரையில் இருக்கும் வழுக்கையை அது முன்னதாகவே இழுத்துவரும்.

அப்பாவுக்கு அடர்ந்த முடி. எனக்கு வழுக்கை வராதுதானே?

வரலாம். அம்மா வழியிலும் வரும்.