சிக்னலில் இன்ஜின் நிற்க மறுப்பது ஏன்?

கேள்வி: என் காரில் இரண்டு பேட்டரிகள் உள்ளன. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால், எரிபொருளை மிச்சப்படுத்த சிக்னலில் தானாக நின்று, மீண்டும் கிளம்ப வேண்டிய இன்ஜின் நிற்பதே இல்லை. பெரிய பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: முதலில் சந்தேகிக்க வேண்டியது சின்ன பேட்டரியைத்தான். இன்ஜினை மீண்டும் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். பெரிய பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று 10-க்குக் கீழேகூட இறங்கலாம். பெரும்பாலான அமைப்புகளில் அந்த நேரம் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இரண்டு பேட்டரிகளையும் பிரித்துவிடும். டிஸ்ப்ளே, ரேடியோ, கட்டுப்பாட்டுக் கணினிகளை சின்ன பேட்டரி தாங்கும். இன்ஜின் ஓடியதும், அது சுழற்றும் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டர் இரண்டையும் சார்ஜ் செய்யும். சின்னது பலவீனமானால் கணினி இன்ஜினை நிறுத்தவே விடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு அதன் தயவு தேவையில்லை என்பதால் காலையில் எதுவும் தெரியாது.

சில மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்து, இரண்டையும் தனித்தனியே அளக்கவும். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்து, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்டேஜ் தாங்குகிறதா என்ற சோதனை) பார்க்கவும். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை பாடி எர்த்தில் (காரின் உலோக உடலில் உள்ள எர்த் இணைப்பில்) மாட்டுங்கள். பேட்டரி முனையில் மாட்டினால், அங்குள்ள சென்சார் ஏறிய சார்ஜைக் கணக்கில் எடுக்காது.

மாற்றுவதானால் ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சிவைத்த பேட்டரி வகை) இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்.தான், சாதாரண பேட்டரி விரைவில் படுத்துவிடும். கழற்றும்முன் இரண்டின் நெகட்டிவ் கேபிளையும் எடுத்துவிடுங்கள். பல மாடல்களில் புதிய பேட்டரியை ஸ்கேனர் கருவி மூலம் காரின் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும்.

பேட்டரிகள் சரியாக இருந்தும், இன்ஜின் சூடாகாதபோதோ ஏ.சி. கடுமையாக ஓடும்போதோ நிற்காவிட்டால், அது கோளாறு அல்ல.