ஹோர்ட்டன் சமவெளி முகாமுக்கு என்ன சமைக்கலாம்?

தம்பி, ஐந்து பேருக்கு ஒரே கேஸ் அடுப்பில் இரண்டு இரவு எப்படிச் சமைப்பது, போன முறை சோறு வேகவேயில்லை என்று கேட்டிருந்தீர்கள். அரிசியில் பிழையில்லை. ஹோர்ட்டன் சமவெளி இலங்கையின் மலைநாட்டில் இருக்கிறது; அங்கே உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர், தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். புழுங்கலை விடுங்கள். பச்சரிசியையும் மைசூர் பருப்பையும் அரை மணி ஊறவைத்து ஒரே சட்டியில் ஏற்றி, மூடிமேல் ஒரு கல்லை வையுங்கள்.

காலையில் ரொட்டி. தேங்காயை அங்கே போய்த் துருவுங்கள். தொட்டுக்கொள்ள சீனிச்சம்பல்: வீட்டிலேயே வெங்காயம் நன்றாகச் சிவந்து எண்ணெய் பிரியும்வரை வதக்கினால், அந்தக் குளிரில் கெடாது.

அப்புறம், நுழைவாயிலில் பொலித்தீனைக் கழற்றச் சொல்வார்கள், எல்லாவற்றையும் டப்பாவில் போடுங்கள். மரைகள், அதாவது பெரிய காட்டு மான்கள், கூடாரத்துக்குக் கிட்டவே வரும். மிச்சச் சோற்றைத் தயவுசெய்து வெளியே கொட்டாதீர்கள்.