வாய் இரும்பு இல்லாத கடிவாளத்துக்கு மாறலாமா?

கேள்வி: என் பெண் குதிரைக்கு ஐந்து வயது. கொஞ்ச நாளாகக் கடிவாளத்தை எடுத்தாலே தலையைத் தூக்கிக்கொள்கிறது, ஏறினால் வாயைத் திறந்தபடியே போகிறது. உதட்டோரத்தில் புண்ணும் இருக்கிறது. வாயில் இரும்பு இல்லாத கடிவாளம் போட்டால் சரியாகுமா? மிரண்டு ஓடினால் நிறுத்த முடியுமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிடுங்கள். குதிரைக்குப் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும், அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழித்துவிடும். அதை ராவிச் சரிசெய்யாமல் புதுக் கடிவாளம் போட்டால், மூக்கைச் சுற்றிக் கட்டும் அதன் மூக்குப்பட்டை கன்னத்தை அந்தக் கூர்மேல் அழுத்தும், அப்போதும் தலையை உதறத்தான் செய்யும். புண் ஆறும்வரை இரும்பு வேண்டவே வேண்டாம்.

நிறுத்துவது பற்றிய பயம் எல்லோருக்கும் வருவதுதான். மிரண்ட குதிரை வாயில் இரும்பு இருந்தாலும் ஓடும், வலி கூடினால் இன்னும் வேகமாகவே ஓடும். நிற்பது பழக்கத்தில் வருவது. தரையில் நின்றபடியே லகானை மெதுவாகப் பிடியுங்கள், அது ஓரடி பின்வாங்கிய அந்த நொடியே விட்டுவிடுங்கள். திரும்புவதற்கும் இப்படித்தான். இது பிடிபட்ட பிறகு வேலி போட்ட இடத்தில் ஏறி நடை மட்டும், அப்புறம்தான் ஓட்டம்.

வகைகளில், லகான் மூக்குப்பட்டையின் இருபக்க வளையத்தில் நேராக மாட்டுவது போதும். தாடைக்கு அடியில் வார் குறுக்காகப் போகும் வகையும் நல்லதுதான், ஆனால் சிலவற்றில் லகானைத் தளர்த்தினாலும் வார் உடனே தளராது, குதிரைக்குக் குழப்பமாகிவிடும். நீளமான இரும்புக் கையும் தாடைச் சங்கிலியும் வைத்த ஹேக்கமோர் என்ற வகை உங்களுக்கு வேண்டாம், நெம்புகோலாக வேலை செய்வதால் கையில் லேசாக இழுத்தாலே மூக்கில் பலமாக அழுத்தும்.

பட்டை கட்டும் இடம்தான் முக்கியம். மூக்குத் துவாரத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், முதலில் மெத்தென்று குருத்தெலும்பு வரும், அப்புறம் எலும்பு தொடங்கும். தொடங்கும் இடத்தில் அது மெல்லிசு. அதற்கும் நன்றாக மேலே, கெட்டியான எலும்பின்மேல் பட்டை உட்கார வேண்டும், கீழே இறங்கினால் மூச்சு முட்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். ஓட்டி முடித்ததும் பட்டைக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் முடி தேய்ந்திருக்கிறதா, தொட்டால் சிலிர்க்கிறதா என்று பாருங்கள். வாயில் இழுத்த அதே இழுப்பை மூக்கில் இழுத்தால் புண் இடம் மாறும், அவ்வளவுதான்.

புண் ஆறிய பிறகும் இப்படியே ஓட்டலாம். போட்டிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் பார்த்து மதிப்பெண் போடும் சர்வதேச டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் வாய் இரும்பு கட்டாயம், தடை தாண்டும் போட்டிகளில் அது இல்லாமலும் ஓட்ட இடமுண்டு.